ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்துருச்சா? அடுத்து என்ன பண்றதுன்னு ஒவ்வொண்ணா பாப்போம்

நான் ஸ்கேன் எடுக்கப் போனதே கிட்னில கல்லு இருக்கான்னு பாக்கத்தான். இடுப்புல ஒரு பக்கமா விட்டு விட்டு வலி, டாக்டர் வயித்து ஸ்கேன் எழுதிக் குடுத்தாரு, காலைல பச்சத் தண்ணியோட போய் படுத்தேன், ஜெல்லத் தடவி உருட்டிப் பாத்துட்டு கல்லு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஆனா ரிப்போர்ட்டோட கடைசி வரில "கிரேடு 1 ஃபேட்டி லிவர்"னு இருந்துச்சு. டாக்டர்கிட்ட கேட்டா "இப்ப யாருக்குத்தான் இல்ல, வெயிட்டக் குறைங்க"ன்னு அடுத்த டோக்கனக் கூப்பிட்டுட்டாரு. வீட்டுல சொன்னா எங்க அத்தை "ஐயையோ ஈரல்ல கொழுப்பா"ன்னு அன்னைக்கு சாயங்காலமே கீழாநெல்லியப் பறிச்சு அரைச்சு மோர்ல கலக்கி நீட்டுனாங்க. மெடிக்கல்ல ஒரு லிவர் டானிக் வேற. ஒருத்தர் ஒண்ணுமே இல்லன்னாரு, இன்னொருத்தர் எல்லாம் போச்சுன்னாங்க, ரெண்டுமே சரி இல்லன்னு எனக்குப் புரியறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷம் உங்களுக்கு மிச்சமாகட்டும்னுதான் இத எழுதறேன். நான் டாக்டர் இல்ல, கணக்கு எழுதற ஆளு, டாக்டருங்ககிட்ட கேட்டு கேட்டு நச்சரிச்சு தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன்.

முதல்ல இந்த ஈரல் எங்க இருக்கு, ஏன் வாயே தொறக்காது

வலது பக்கம் விலா எலும்புக்கு அடில ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, ஒன்னேகால் ஒன்றரை கிலோ இருக்கும். நாம சாப்பிடறது, குடிக்கறது, முழுங்குற மாத்திரை எல்லாம் குடல்ல இருந்து ரத்தத்துல கலந்து முதல்ல அங்கதான் போய் நிக்கும். பித்தம் அங்கதான் சுரக்குது, ரத்தம் உறையறதுக்கான சரக்கும் அங்கதான் தயாராகுது, சர்க்கரைய ஸ்டாக் வெக்கறதும் அதான்.

வலி தெரியற நரம்பு ஈரலுக்கு உள்ள கிடையாது, மேல போத்திருக்குற உறைல மட்டும்தான் இருக்கு. அதனால உள்ள வருஷக்கணக்கா கெட்டுக்கிட்டே இருந்தாலும் வலிக்காது. "எனக்கு ஒண்ணும் பண்ணலையே, நல்லாத்தான இருக்கேன்"ங்கற பேச்சு இந்த ஒரு உறுப்பு விஷயத்துல செல்லவே செல்லாது. அதே மாதிரி வலது பக்கம் லேசா சுருக்குன்னா உடனே லிவர்னு பயப்படவும் வேணாம், முக்கால்வாசி அது கேஸோ தசையோதான்.

ரிப்போர்ட்டப் படிக்கறது: கிரேடு வேற, தழும்பு வேற

இதத்தான் எனக்கு யாருமே சொல்லல. ஸ்கேன்ல போடற கிரேடு 1, 2, 3ங்கறது ஈரல்ல எவ்வளவு கொழுப்பு இருக்குன்னு, படம் எவ்வளவு வெள்ளையா தெரியுதுங்கறத வெச்சு கண்ணால போடற ஒரு கணக்கு. அவ்வளவுதான். இன்னைக்கு ஒருத்தர் கிரேடு 1ம்பாரு, நாளைக்கு வேற சென்டர்ல 2ம்பாங்க. கொழுப்பு படிஞ்சு, அதனால வீக்கம் வந்து, வீங்கி வீங்கி ஆறி உள்ள தழும்பு விழும், அதுக்குப் பேரு ஃபைப்ரோசிஸ். தழும்பு முத்திப் போய் ஈரல் சுருங்கி கெட்டியானா அதான் சிரோசிஸ். நம்ம உயிருக்கு வர்ற ஆபத்து பெரும்பாலும் தழும்போட அளவ வெச்சுத்தான். கிரேடு 3 கொழுப்பு இருந்தும் தழும்பே இல்லாதவங்க இருக்காங்க, கிரேடு 1னு எழுதிருந்தும் உள்ள தழும்பு விழுந்தவங்களும் இருக்காங்க. அதனால டாக்டர்கிட்ட போனா "எந்த கிரேடு"ன்னு கேக்காதீங்க, "தழும்பு விழுந்திருக்கா டாக்டர், அத எப்படிப் பாக்கறது"ன்னு கேளுங்க. அந்த ஒரு கேள்விலயே அவரு நிமிந்து ஒக்காருவாரு.

அதுக்கு முதல் படி காசு அதிகம் ஆகாத ரெண்டு ரத்த டெஸ்ட்டு: ஈரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற எல்எஃப்டி, அப்புறம் ரத்த அணுக்கள எண்ணற சிபிசி, பிளேட்லெட் எண்ணிக்கை இதுலதான் வரும். எல்எஃப்டில எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடின்னு ரெண்டு வரும், ஈரல் செல்லு அடிபட்டா இது ரெண்டும் ஏறும். ஆனா இது நார்மலா இருந்தா ஈரல் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, சிரோசிஸ் வரைக்கும் போனவங்களுக்கே சில சமயம் நார்மலா வரும். பிலிரூபின் ஏறுனா காமாலை. அல்புமின்ங்கறது ஈரல் தயாரிக்கற ஒரு புரதம், அது இறங்குனா ஈரலோட உற்பத்தி வேலையே குறையுதான்னு பாக்கணும். பிலிரூபின் மட்டும் 1.5, 2ன்னு நின்னு மத்ததெல்லாம் சுத்தமா இருந்தா, அதுவும் பட்டினி கிடந்தா கொஞ்சம் ஏறுச்சுன்னா, கில்பர்ட்னு பிறவிலயே வர்ற ஒரு சமாச்சாரமா இருக்கலாம், அதால ஒரு கெடுதலும் இல்ல, ஆனா அது அதுதான்னு டாக்டர் வாயால ஒரு தடவ சொல்ல வெச்சுக்கோங்க.

இப்ப கால்குலேட்டர எடுங்க. ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு, உலகம் பூரா டாக்டருங்க பயன்படுத்தறதுதான். வயச எஸ்ஜிஓடியால பெருக்கணும். அது மேல. கீழ பிளேட்லெட்ட, ஆயிரத்துல எழுதி, அதாவது 2.25 லட்சம்னா 225, அத எஸ்ஜிபிடியோட வர்க்கமூலத்தால பெருக்கணும். மேல இருக்கறத கீழ இருக்கறதால வகுத்தா விடை. என்னோடதையே போடறேன்: வயசு 45, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 2.25 லட்சம். 45ஐ 40ஆல பெருக்குனா 1800. 49க்கு வர்க்கமூலம் 7, அத 225ஆல பெருக்குனா 1575. வகுத்தா 1.14. 1.3க்கு கீழ இருந்தா முத்துன தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி, 2.67க்கு மேலன்னா ஸ்பெஷலிஸ்ட் டாக்டரப் போய் பாத்தே ஆகணும், நடுவுல நின்னா ஈரலோட கெட்டித்தன்மைய அளக்கற ஃபைப்ரோஸ்கேன். 65 வயசுக்கு மேலன்னா அந்த 1.3ஐ 2ன்னு வெச்சுக்கறாங்க, 35க்கு கீழ இந்த கணக்கு சரியா வராது. ஒரு விஷயம் கவனிங்க, இதே எனக்கு பிளேட்லெட் 1.2 லட்சமா இருந்திருந்தா விடை 2.14. மத்த எதுவும் மாறல, பிளேட்லெட் ஒண்ணு இறங்குனதுக்கே இவ்வளவு வித்தியாசம். ஈரல் கெட்டியாகும்போது மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்ட புடிச்சு வெச்சுக்கும், அதனாலதான் அந்த நம்பருக்கு இவ்வளவு மதிப்பு. டெங்கு சீசன்ல மட்டும் பிளேட்லெட் பாக்கற ஊரு நம்மூரு.

ஃபைப்ரோஸ்கேன்னா பயப்படாதீங்க, ஊசி இல்ல, குழாய் இல்ல. வலது கைய தலைக்கு மேல தூக்கிப் படுக்கணும், விலா எலும்பு இடுக்குல ஒரு குச்சிய வெச்சு டொக் டொக்குனு தட்டுவாங்க, விரலால சுண்டற மாதிரி இருக்கும், பத்து நிமிஷம். மூணு மணி நேரம் சாப்பிடாம போகணும், இல்லன்னா அளவு கூடக் காட்டும். கெட்டித்தன்மை கிலோபாஸ்கல்ல வரும், 8க்கு கீழன்னா பெரும்பாலும் நிம்மதி. ஃபைப்ரோஸ்கேன்தான் வேணும்னு முதல்லயே ஓட வேணாம், ஃபிப்-4 சொல்லட்டும்.

ஒரு தடவையாவது ஹெபடைடிஸ் பி, சி வைரஸ் இருக்கான்னு பாத்துருங்க

கொழுப்புன்னு ரிப்போர்ட்ல வந்துட்டா எல்லாரும் அதோட நின்னுடறாங்க, வைரஸப் பாக்கறதில்ல. பிக்கு எச்பிஎஸ்ஏஜி, சிக்கு ஆன்டி எச்சிவின்னு ரெண்டு ரத்த டெஸ்ட்டு. ஹெபடைடிஸ் பியும் சியும் பல வருஷம் சத்தமே போடாம உள்ள இருக்கும். பழைய காலத்துல ஒரே ஊசிய கொதிக்க வெச்சு எல்லாருக்கும் போட்ட கம்பவுண்டர் வைத்தியம், ரத்தம் ஏத்துனது, சலூன்ல ஒரே பிளேடு, திருவிழால பச்சை குத்துனது, தாய்கிட்ட இருந்து பிரசவத்துல குழந்தைக்கு, உடலுறவுன்னு வழி நிறைய. ஒரே தட்டுல சாப்பிட்டா, கட்டிப் புடிச்சா, ஒரே டம்ளர்ல குடிச்சா வராது. பி இருக்கறவங்கள தனித் தட்டு போட்டு ஒதுக்கற வீடுங்க இன்னும் இருக்கு, அது அநியாயம். அவங்களோட பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி மட்டும் தனியா இருந்தா போதும், வீட்டுல மத்தவங்க டெஸ்ட் பண்ணிட்டு ஊசி போட்டுக்கணும்.

ஹெபடைடிஸ் சிக்கு தடுப்பூசி கிடையாது, ஆனா மாத்திரைல குணமாகும், பெரும்பாலும் 12 வாரம், நூத்துல 95 பேருக்கு மேல வைரஸே போயிடுது. ஹெபடைடிஸ் பிக்கு முழுசா போக்கற மருந்து இன்னும் இல்ல, அடக்கி வெக்கற மாத்திரை இருக்கு, ஆனா தடுப்பூசி இருக்கு. இப்ப பிறக்கற குழந்தைங்களுக்கு பிறந்த 24 மணி நேரத்துலயே போடறாங்க, நம்ம வயசுக்காரங்களுக்கு சின்ன வயசுல அப்படி ஒண்ணு கிடையாது. டெஸ்ட்ல இல்லன்னு வந்தா இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு, மூணு ஊசி. 2018ல தொடங்குன தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரிகள்ல பிக்கும் சிக்கும் டெஸ்ட்டு, மாத்திரை எல்லாம் இலவசம், உங்க மாவட்ட ஜிஎச்ல கேட்டுப் பாருங்க.

இஞ்ச் டேப்ப எடுங்க

வெயிட்ட விட இடுப்ப அளங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, தொப்புள ஒட்டி, மூச்ச இயல்பா விட்டுட்டு. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, நம்ம ஊரு உடம்புக்கு அதான் எல்லை. "நான் 34 பேண்ட்டுதான் போடறேன்"னு சொல்லாதீங்க, அது தொப்பைக்குக் கீழ கட்டற அளவு, நானும் அப்படித்தான் ஏமாந்தேன், டேப்ப வெச்சா 39 இஞ்சு. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எவ்வளவு எடைங்கற கணக்கு, அதுவும் நமக்கு 23க்கு மேல போனாலே ஜாஸ்தின்னுதான் கணக்கு. கை கால் குச்சியா இருந்து வயிறு மட்டும் முன்னால வர்ற உடம்புவாகு நம்மாளுங்களுக்கு நிறைய, ஒல்லியா இருக்கோம்னு நம்பி இருக்கறவங்களுக்கும் ஃபேட்டி லிவர் வருது. சுகர் இருக்கறவங்க கண்ணு பாக்கறாங்க, கிட்னி பாக்கறாங்க, ஈரலப் பாக்க மறந்துடறாங்க. சுகரும் ஃபேட்டி லிவரும் ஒண்ணுக்கொண்ணு உரம் போட்டு வளக்கற ஜோடி.

எவ்வளவு குறைக்கணும்னா, இருக்கற எடைல நூத்துக்கு மூணு அஞ்சு குறைஞ்சாலே கொழுப்பு கரைய ஆரம்பிக்கும், ஏழு வரைக்கும் போனா வீக்கம் அடங்கும், பத்து குறைஞ்சா தழும்பே கூட லேசாகலாம். நான் 82 கிலோ, 14 மாசத்துல 75க்கு வந்தேன். வேகம் வேணாம், வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப் போனா ஒரு கிலோ. பட்டினி கிடந்து சட்டுன்னு இறக்குனா ஈரலுக்கு இன்னும் கெடுதல், பித்தப்பைல கல்லும் சேரும்.

சாப்பாடு: எண்ணெய விட சக்கரைதான் வில்லன்

ஈரல்ல கொழுப்புன்னதும் எல்லாரும் எண்ணெய நிறுத்திட்டு அவிச்சதா தின்னுக்கிட்டு, கூடவே அஞ்சு வேளை டீ குடிக்கறாங்க. நான் ஆபீஸ்ல அதான் பண்ணேன். ஒரு நாள் சும்மா கணக்கு போட்டேன், ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு அஞ்சு கிராம், அஞ்சு டீக்கு 50 கிராம், மாசத்துக்கு ஒன்றரை கிலோ சக்கரை. நான் ஒருத்தன் மட்டும். ரேஷன் கடைல வாங்குன மொத்த சக்கரையும் என் வாய்க்குள்ளதான் போயிருக்கு. தேவைக்கு மேல போற சக்கரையையும் மாவுச்சத்தையும் ஈரல் கொழுப்பா மாத்தித்தான் வெச்சுக்கும். நாட்டுச்சக்கரை, கருப்பட்டி, தேன்னு மாத்துனா ஈரல ஏமாத்த முடியாது, அதுவும் சக்கரைதான். ஜூஸும் அப்படித்தான், பழத்தக் கடிச்சுத் தின்னுங்க. கலர் பாட்டில் கூல்டிரிங்க்ஸ், பாக்கெட் ஜூஸ் இத ரெண்டையும் வீட்டுக்குள்ளயே விடாதீங்க, எங்க வீட்டுல இத நிறுத்தறதுதான் பெரிய சண்டை, என் பையன் ஒரு வாரம் பேசல.

டீய நிறுத்துன்னு சொல்லல. முதல் வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்து ஒண்ணு, அடுத்து அரை, டீக்கடைல "அரை சக்கரை"ன்னு சொன்னா போடுவாங்க, நான் ரெண்டு மாசத்துல சக்கரையே இல்லாம குடிக்கப் பழகிட்டேன், இப்ப யாராவது சக்கரை போட்டுக் குடுத்தா பாயசம் மாதிரி இருக்கு. காபி ஈரலுக்கு நல்லதுன்னே நிறைய ஆய்வு சொல்லுது, ஒரு நாளைக்கு ரெண்டு மூணு கப்பு குடிக்கறவங்களுக்கு தழும்பு கம்மியா இருக்கு, ஆனா அது சக்கரை போட்ட டபரா கணக்கு இல்ல.

சோத்த விடுங்கன்னா யாராலயும் முடியாது, அதனால தட்டுல வரிசைய மாத்துங்க. முதல்ல பொரியல், கூட்டு, கீரை பாதித் தட்டுக்கு வைங்க, கால் தட்டுக்கு பருப்போ முட்டையோ மீனோ சுண்டலோ, மிச்சம் இருக்கற இடத்துல சோறு. நம்ம பழக்கம் இதுக்கு நேர் எதிர், சோத்த மலையா கொட்டிட்டு ஓரத்துல ஊறுகா அளவுக்கு பொரியல். கம்பு, சாமை, தினைக்கு மாறுனா போதும்னு நினைக்காதீங்க, சாமைலயும் ரெண்டு தட்டு தின்னா கணக்கு அதேதான். நைட்டு எட்டு மணிக்கு முன்னாடி சாப்பிடப் பாருங்க, பரோட்டா மாசத்துல ஒரு நாள் வேணா.

நிலக்கடலை நல்லதுதான், ஆனா கசப்பு அடிச்சா, பூஞ்சை புடிச்சிருந்தா துப்பிட்டு வாயக் கொப்பளிங்க. அந்தப் பூஞ்சைல அஃப்லாடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு, ஈரல் கேன்சரக் கொண்டு வர்றது, வறுத்தாலும் முழுசா போகாது. சொத்தைக் கடலைய வீணாக்காம சட்னில அரைக்கற பழக்கம் எங்க வீட்டுலயும் இருந்துச்சு.

நடை, வாரத்துக்கு 150 நிமிஷம், பேசலாம் ஆனா பாட முடியாதுங்கற வேகத்துல. எடை குறையலன்னாலும் நடந்தா ஈரல் கொழுப்பு கொஞ்சம் குறையும். இதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் தெரியும், யாரும் நடக்கறதில்ல.

ஒரு குவார்ட்டர்ல என்ன இருக்கு

180 மில்லி, 42.8 சதவீதம்னு லேபிள்லயே போட்டிருக்கும். கணக்கு போட்டா சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரு ஃபுல் பீரு, 650 மில்லி, 5 சதவீதம்னா 25 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங்குன்னா 40 கிராம். தினம் 30 கிராமத் தாண்டுனாலே சிரோசிஸ் ஆபத்து ஏற ஆரம்பிக்குதுன்னு வெச்சுப் பாத்தா, தினம் குவார்ட்டர் அடிக்கறவரு எல்லையோட டபுள்ல நிக்கறாரு. "நான் பீரு மட்டும்தான்", "ஒயின் நல்லது", "சைட்டிஷ் நல்லா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" இதெல்லாம் பார்ல பேசறதுக்கு நல்லாருக்கும், ஈரல் பாக்கறது கிராம் கணக்க மட்டும்தான். குடிக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல தெளிவாவே சொல்லிடுச்சு. ஏற்கனவே ஃபேட்டி லிவர் இருந்தா சனிக்கிழமைக் குடியும் கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை, இது முக்கியம். பல வருஷமா தினம் நிறைய குடிக்கறவரு வைராக்கியமா ஒரே நாள்ல நிறுத்துனா ரெண்டு மூணு நாளைக்குள்ள கை நடுக்கம், வேர்வை, வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து. மாலை போட்டு நிறுத்தறவங்க குடும்பத்துல இத கவனிச்சிருப்பீங்க. ஜிஎச்ல மனநலப் பிரிவுல போய் சொல்லி, மருந்தோட நிறுத்துங்க.

கீழாநெல்லி, டானிக், மாத்திரை

அத்தைய நான் குறை சொல்லல. மஞ்சக் காமாலைக்கு கீழாநெல்லின்னு நம்ம ஊருல தலைமுறை தலைமுறையா நம்பிக்கை, அது எங்க இருந்து வந்துச்சுன்னும் புரியுது. அழுக்குத் தண்ணியால வர்ற ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரத்துல தானாவே இறங்கிடும், அந்த நேரத்துல என்ன குடுத்திருந்தாலும் அதுக்குத்தான் பேரு போகும். சென்னைல ஹெபடைடிஸ் பிக்கு கீழாநெல்லி குடுத்துப் பாத்த ஆய்வு ஒண்ணு 1988ல லான்செட்ங்கற பெரிய மருத்துவப் பத்திரிகைலயே வந்துச்சு, நல்ல ரிசல்ட்டு, ஆனா பின்னாடி மத்த இடங்கள்ல செஞ்சு பாத்தப்ப அதே மாதிரி வரல. அதனால மோர்ல கலக்கி ஒரு வாய் குடிக்கறதுக்கு நான் சண்டை போட மாட்டேன், அதக் குடிச்சுட்டு ஆஸ்பத்திரி போகாம இருக்கறதுக்குத்தான் சண்டை. காமாலைல எந்தக் காமாலைன்னு தெரியாம வைத்தியம் பண்ணக் கூடாது, கல்லு அடைச்சு வந்ததா இருந்தா அத எடுத்தாத்தான் தீரும். கண்ணுல சொட்டு விடறது, மந்திரிக்கறது, கைல சூடு போடறது இதெல்லாம் வேணவே வேணாம். பத்தியம்னு பருப்பு, பால், முட்டை எல்லாத்தையும் நிறுத்தறதும் தப்பு, அடிபட்ட ஈரலுக்கு புரதம் வேணும்.

மூலிகைன்னா சைடு எஃபெக்ட் இல்லன்னு ஒரு நம்பிக்கை. கொரோனா நேரத்துல சீந்தில் கொடிய தினம் கஷாயம் போட்டுக் குடிச்சு ஈரல் வீங்கி வந்தவங்கள பத்தி மும்பை டாக்டருங்க எழுதுனாங்க. அஸ்வகந்தா, கிரீன் டீ சாறு மாத்திரை, ஜிம்ல குடுக்கற பேரில்லாப் பவுடர், ஸ்டீராய்டு ஊசி இதுலயும் ஈரல் கெட்டவங்க உண்டு. பேரும் அளவும் எழுதாத பொட்டலத்த யாரு குடுத்தாலும் வாங்காதீங்க.

பாராசிட்டமால் அளவோட போட்டா நல்ல மருந்து, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், 650 மாத்திரைன்னா ஆறுக்கு மேல கூடவே கூடாது, குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தா மூணுக்கு மேல வேணாம். சளி மாத்திரை, உடம்பு வலி மாத்திரைலயும் அதே மருந்து கலந்திருக்கும், அட்டையத் திருப்பிப் படிங்க. டிபி மருந்து சாப்பிடறவங்க வாந்தி, பசி இல்லாமப் போறது, மூத்திரம் மஞ்சளாப் போறதுன்னு வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லணும், மருந்த நிறுத்தறதா மாத்தறதான்னு அவரு முடிவு பண்ணுவாரு. இன்னொண்ணு, ஃபேட்டி லிவர்னு தெரிஞ்சதும் கொலஸ்ட்ரால் மாத்திரைய தானா நிறுத்தறவங்க நிறைய பேரு, "ஈரலுக்குக் கெடுதலாமே"ன்னு. ஃபேட்டி லிவருக்கு அது பெரும்பாலும் பாதுகாப்பானதுதான், இதுல நிறைய பேரு போறதே ஹார்ட் அட்டாக்லதான், கேக்காம நிறுத்தாதீங்க.

எலி பேஸ்ட்ட வீட்டுல வெக்காதீங்க. தமிழ்நாட்டுல தடை போட்டாச்சு, பழசு எங்கயாவது பரண்ல கிடந்தா அப்புறப்படுத்துங்க. குழந்தையோ யாரோ வாயில வெச்சது தெரிஞ்சா, பாக்க நல்லா இருந்தாலும், வாந்தி நின்னுட்டாலும், அந்த நிமிஷமே 108. முதல் ரெண்டு நாள் ஒண்ணுமில்லாத மாதிரி இருந்துட்டு அப்புறம்தான் ஈரல் செயலிழக்கும், அந்த ரெண்டு நாளத்தான் நிறைய குடும்பம் வீட்டுல கழிச்சுடறாங்க.

எத பாத்தா எவ்வளவு வேகமா ஓடணும்

எங்க மாமா ஒருத்தர். தினம் குடிப்பாரு, ஆனா வேலைக்குப் போவாரு, தெருவுல விழுந்ததில்ல, அதனால யாரும் குடிகாரன்னு சொன்னதில்ல. முதல்ல சாயங்காலத்துல செருப்பு டைட்டா இருக்குன்னாரு, புதுசு வாங்கிக் குடுத்தோம். கணுக்காலுக்கு மேல விரலால அமுத்துனா குழி விழுந்து அப்படியே நிக்கும், அத யாரும் அமுத்திப் பாக்கல. அப்புறம் வயிறு பெருத்துச்சு, "மாமா தொப்பை போட்டுட்டாரு"ன்னு கிண்டல் பண்ணோம், ஆனா கன்னமும் தோளும் வத்திக்கிட்டே வந்துச்சு. வயிறு ஏறி கை கால் இளைச்சா அது கொழுப்பு இல்ல, தண்ணி. ராத்திரி முழிச்சுக்கிட்டு பகல்ல தூங்குனாரு, வயசாயிடுச்சுன்னு விட்டோம். கடைசில பேங்க்ல கையெழுத்து ஒத்துப் போகலன்னு செக்க திருப்பிட்டாங்க, முப்பது வருஷமா ஒரே மாதிரி போடற மனுஷன், எழுத்து கோணல் மாணலா கிறுக்கலா இருந்துச்சு. அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஈரல் வடிகட்டாம விட்ட அம்மோனியா மாதிரி கழிவு மூளைக்கு ஏறிருக்கு, அதனாலதான் தூக்கம் தலைகீழா மாறுனது, கையெழுத்து மாறுனது எல்லாம். மலச்சிக்கல் ஆனா அது இன்னும் ஏறும்னு லாக்டுலோஸ் சிரப்பு குடுத்து தினம் ரெண்டு மூணு தடவ வெளிய போக வெச்சாங்க. தூக்க மாத்திரை கூடாது, டைக்லோஃபினாக் மாதிரி வலி மாத்திரை கூடாதுன்னு சீட்டுல பெருசா எழுதிக் குடுத்தாங்க.

அதனால, உடனே, அதாவது ராத்திரி ரெண்டு மணின்னாலும் கிளம்ப வேண்டியது: ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா ஒட்டிக்கிட்டு நாத்தம் அடிக்கற மலம் (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கருப்பாப் போகும், ஆனா தார் மாதிரி ஒட்டாது), காமாலையோட உளறல் இல்ல எழுப்ப முடியாத தூக்கம், வீங்குன வயித்துல காய்ச்சலும் வலியும், குளிர் நடுக்கத்தோட காய்ச்சலும் மஞ்சளும். கர்ப்பிணிக்கு காமாலை வந்தா ஒரு நாளும் தள்ளக் கூடாது, தண்ணில வர்ற ஹெபடைடிஸ் இ அவங்களுக்கு ரொம்ப ஆபத்து. கடைசி மூணு மாசத்துல உள்ளங்கை உள்ளங்கால்ல ராத்திரி அரிப்பு தாங்கலன்னா அதையும் சூடுன்னு விடாம டாக்டர்கிட்ட சொல்லணும், குழந்தைக்கு ஆபத்து ஆகலாம்.

ரெண்டு நாளைக்குள்ள பாக்க வேண்டியது: கண்ணு மஞ்சள், மூத்திரம் டிகாக்ஷன் நிறம், மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. மஞ்சள எப்படிப் பாக்கறதுன்னா வாசல்ல பகல் வெளிச்சத்துல நிக்க வெச்சு, கீழ பாக்கச் சொல்லி மேல் இமையத் தூக்கி அந்த வெள்ளையப் பாருங்க. பல்பு வெளிச்சத்துல எல்லாரும் மஞ்சளாத்தான் தெரிவாங்க. கேரட்டு, பப்பாளி நிறைய தின்னு கை மஞ்சளானா கண்ணு வெள்ளையாவே இருக்கும்.

ஒரு வாரத்துக்குள்ள: கால் வீக்கம், காரணமில்லாத அரிப்பு, லேசா இடிச்சாலே ரத்தம் கட்டறது, பல் ஈறுல ரத்தம், நெஞ்சுல சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு, ஆம்பளைக்கு மார்பு பெருக்கறது, பசி இல்லாம எடை குறையறது. சும்மா அசதி மட்டும்னா அதுக்கு நூறு காரணம் இருக்கு, டெஸ்ட் எடுத்துப் பாருங்க, லிவர்னு நீங்களே முடிவு கட்டாதீங்க.

டாக்டர்கிட்ட போகும்போது கைல என்ன இருக்கணும்

பழைய ரிப்போர்ட்டு எல்லாம் தேதி வாரியா ஒரு ஃபைல்ல, புதுசு மேல. சாப்பிடற எல்லா மாத்திரையோட அட்டையும், லேகியம் சூரணம் டானிக் டப்பா உட்பட, வெக்கப்படாம. குடிக்கற அளவு "எப்பவாவது"ன்னு சொல்லாம வாரத்துக்கு எத்தனை குவார்ட்டருன்னு நம்பரா, மனைவி பக்கத்துல இருந்தா வெளிய ஒக்கார வெச்சுட்டாவது உண்மையச் சொல்லுங்க. இடுப்பு அளவு, எடை, போன தடவ எடை. ஃபிப்-4 விடைய ஒரு சீட்டுல எழுதி வைங்க. ஃபிப்-4 கம்மின்னா சுகர் இருக்கறவங்க வருஷத்துக்கு ஒரு தடவயோ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவயோ மறுபடி போடணும், மத்தவங்க ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ. சிரோசிஸ்னு ஆயிட்டவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஸ்கேன் எடுத்தே ஆகணும், கேன்சர் கட்டி சின்னதா இருக்கும்போதே புடிக்கறதுக்கு.

எனக்கு போன மாசம் எடுத்ததுல எஸ்ஜிபிடி 31, ஸ்கேன்ல இன்னும் கிரேடு 1தான் போட்டிருக்காங்க, இடுப்பு 36 இஞ்சு. இன்னும் அரை இஞ்சு பாக்கி.